காற்றுப் பிரிந்த சேதி

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. அப்போது வயது முப்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. தலத்தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கரும்பலகைக்குப் பக்கத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடிந்து உட்கார்ந்தேன். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, ரத்தம் போகாமல் கறுத்துப்போயிருந்த ஒரு சாண் குடலை வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள்.

குரும்பகரத்திலிருந்து அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டார். மறுநாள் நான் கண் திறந்தபோது தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். நடவு நடக்கிறது, விட்டால் நாற்று முற்றிவிடும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். நாற்று முற்றக் கூடாது, தங்கை முற்றினால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் கோபமும் அவர் மேல்தான் வரும்.

டாக்டர் பொறுமையானவர். கணக்கு டீச்சர் என்று தெரிந்ததாலோ என்னவோ, எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். "வெட்டின ஓரத்துல ரத்தம் நல்லா கசிஞ்சுதுங்க. அதப் பாத்துதான் நம்பித் தச்சேன். நூலு சும்மா புடிச்சுக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். ரத்தம் வந்து சேந்தாத்தான் ஒட்டும்." அதுவரை வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது. மூக்கில் குழாய், கையில் குளுக்கோஸ். குடல் மறுபடி ஓடத் தொடங்கியதற்கு அடையாளமாக அவர்கள் எதிர்பார்த்தது காற்றுப் பிரிவதைத்தான்.

அதைத்தான் தினமும் காலையில் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்கள். காத்து பிரிஞ்சுதா, டீச்சர்?

பக்கத்துக் கட்டிலில் அப்பெண்டிக்ஸ் எடுத்த ஒரு பெண். அவளுக்குத் துணையாக இருந்த அவளுடைய அம்மா பட்டினச்சேரியில் மீன் விற்கிறவர். மெல்லப் பேசத் தெரியாது. உள்காயம் ஆறுவதற்குச் சுறாப்புட்டுக்கு மேல் மருந்தில்லை என்று தூக்குச்சட்டியில் கொண்டுவந்து மகளுக்கு ஊட்டினார். எனக்கும் ஒரு வாய் எடுத்துக்கொண்டு வந்தார். சிஸ்டர் பார்த்துவிட்டு அவரை விரட்டாத குறைதான். புட்டின் வாசனை மட்டும் என் கட்டிலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பசியில் எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குக் காற்றுப் பிரிந்தது. கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்துக் கட்டிலின் அம்மா கீழே உட்கார்ந்து மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை.

மறுநாள் காலை டாக்டர் கேட்டபோது, எதிர்க் கட்டிலில் யாரையோ பார்க்க வந்திருந்த என் மாணவி ஒருத்தியின் அப்பா எனக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? இல்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கு மறுநாளும் இல்லை என்றேன்.

டாக்டர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது. குடல் ஓடுகிற சத்தம் கேட்கிறது, காற்று ஏன் வரவில்லை, தையல் போட்ட இடத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்று தமக்குள் பேசிக்கொண்டார். படம் எடுத்துப் பார்க்கலாம், மறுபடி திறக்க வேண்டியும் வரலாம், இவங்க அண்ணனுக்கு ஆள் அனுப்புங்க என்று சிஸ்டரிடம் சொன்னார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வெட்கம் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அண்ணனுக்கு ஆள் அனுப்பச் சொன்னதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நடவை அப்படியே போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு ஓடிவருவார் என்று நினைத்தேன். அதற்காக ஆறிக்கொண்டிருந்த வயிற்றை இன்னொரு முறை கிழிக்கக்கூடக் கொடுத்துவிடுவேன் போலிருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலின் அம்மா எழுந்து வந்தார்.

"ஐயா, டீச்சரம்மாவுக்கு முந்தாநாளே பிரிஞ்சிருச்சுங்க. எங் காதால கேட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்ல மாட்டேங்குறாங்க."

வார்டு சிரித்தது. மாணவியின் அப்பா அன்று இல்லை, அந்த மட்டுக்கும் தப்பித்தேன். உண்மையா என்று டாக்டர் கேட்க, நான் தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, இதற்காகத்தானே நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம் என்றார். மூக்குக் குழாயை எடுத்தார்கள். ஒரு மூடி தண்ணீர் கொடுத்தார்கள். அவ்வளவு ருசியான தண்ணீரை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை. வார்டு வாசலில் டாக்டர் திரும்பி, அண்ணனுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், அவர் வேலையைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் பட்டினச்சேரி அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நடவு முடிந்து அண்ணன் வந்தார். என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி, அறையில் இறக்கிவிட்டு, ஒரு பை அரிசியையும் வைத்துவிட்டு, நல்லபடியா ஒட்டிருச்சாமே என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து கேட்கிற அதே நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்தது. படுத்தபடியே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யாராவது வந்து கேட்டிருந்தால், தெருவுக்கே கேட்கும்படி பதில் சொல்லியிருப்பேன்.