பதினோரு நிமிட அலறல்

ஜெராக்ஸ் எடுத்த அட்டைக்குள் ஒரு சிடி. சிதம்பரத்தில் பொறியியல் படித்த நாங்கள் மூன்று பேர் 2008இல் போட்ட ஒரே ஆல்பம் அது. ஆறு பாட்டு, மொத்தம் பதினோரு நிமிடம். ஸ்கிரீமோ என்று அந்த இசைக்குப் பெயர். வேகமான கிதார், அதன் மேல் தொண்டை கிழியும் அலறல். கடலூர் மாவட்டத்தில் எங்களைத் தவிர அதைக் கேட்பவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

அலறியவன் என் நண்பன். கடலூர் செம்மண்டலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். ஓர் இடத்தில் உட்கார மாட்டான். டீ ஆறுவதற்குள் எழுந்து "வா மச்சான், நடக்கலாம்" என்பான். வேறு டிபார்ட்மென்ட் என்பதால் மாலையில்தான் அவனைப் பார்ப்பேன். டிரம்ஸ் வாசித்தவனின் மாமாவுக்குக் கீரப்பாளையத்தில் ஒரு ரைஸ் மில் பூட்டிக் கிடந்தது. அங்கேதான் பதிவு செய்தோம். உமித் தூசியில் இருமிக்கொண்டே என் நண்பன் ஒரு பாட்டை ஒன்பது முறை அலறினான். ஹெட்போனுக்குள் இருந்த நான், "சூப்பர் மச்சான், இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வேணும்" என்றேன்.

சிடி தயாரான ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "அப்படி என்னப்பா பாட்டு, போடு கேப்போம்" என்றார். அவன் வேண்டாம் என்றான். பெருமை தாங்காமல் நான்தான் போட்டேன். பாதியில் நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் கடைசிவரை நின்று கேட்டார். எல்லாம் ஆங்கில வரிகள். ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரிந்திருக்காது. முடிந்ததும் மகனைப் பார்த்தார்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா, இது மியூசிக்."

"அத நான் கேக்கல. உனக்கு என்ன ஆச்சு?"

அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "நான் காலேஜுக்குப் போயி ஆறு மாசம் ஆச்சும்மா" என்றான். அரியர் குவிந்து, அட்டெண்டன்ஸ் குறைந்து, பரீட்சை எழுத விடவில்லையாம். தினமும் பஸ் ஏறி வந்து, மாலைவரை சிதம்பரத்தின் வீதிகளைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். எனக்கு இது எதுவும் தெரியாது. அம்மா திட்டவில்லை. "மொதல்ல சாப்புடு. அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றார்.

அவன் படிப்பை விட்டுவிட்டுப் புதுச்சேரியில் வேலைக்குப் போனான். எங்கள் மியூசிக் பேண்டும் அத்தோடு முடிந்தது. நான்கு வருடம் கழித்து, கடலூரில் என் கல்யாண வரவேற்புக்கு மனைவியோடு வந்தான். மேடையிலேயே அவனைக் கேட்டேன்: "அப்பவே என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே மச்சான்" என்றான், சிரித்துக்கொண்டே.

போட்டோகிராபர் எங்கள் இருவரையும் கேமராவைப் பார்க்கச் சொன்னார்.