என் பேஸ் குரலும் ஒரு போலீஸ் ரிப்போர்ட்டும்

என் தங்கைக்கு வரவேண்டிய வேலையை நிறுத்தி வைத்திருப்பவர், எங்கள் வட்டாரத்தில் மஃப்டியில் சுற்றும் ஏட்டய்யாதான். பூசி மெழுக எனக்குத் தெரியாது.

ஸ்டெல்லாவுக்கு மத்திய அரசு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. ஆர்டர் வர ஒன்றே பாக்கி — குடும்பம் எப்படிப்பட்டது என்று போலீஸ் விசாரித்து எழுத வேண்டும். விசாரிக்கட்டும். எங்களிடம் கேட்டாரா? ராஜகீழ்ப்பாக்கம் முழுக்கக் கேட்டார்.

கடலை விற்கும் முனியம்மாதான் எனக்குச் சொன்னாள். "இன்னா சார், புதன்கெழம உங்க வூட்ல கதவ சாத்திகினு இன்னா பண்றீங்க? ஒர்த்தர் கேட்டுகினு கீறாரு."

"நீ என்ன சொன்னே?"

"கத்துறாங்கன்னு சொன்னேன். பொய்யா சார்?"

பொய்யில்லை. அது சர்ச் பாடகர் குழுவின் பயிற்சி. கதவைச் சாத்துவதே அக்கம்பக்கத்தார் காதுகளுக்காகத்தான்.

அதோடு போயிருக்கும்... ஏட்டய்யா அவளிடம் கடலை வாங்கினார். பொட்டலம், நாங்கள் பழைய பேப்பருக்குப் போட்ட பாட்டுத்தாள். டோ, ரே, மீ, சோ என்ற ஸ்வரங்களை நாங்கள் இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுவோம் — டி, ஆர், எம், எஸ், நடுநடுவே புள்ளி, கோடு. மேலே என் பெயர்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். எண்ணெய்க் கறையோடு தாளை மேஜையில் நீவி வைத்தார்.

"எஸ், எஸ், எஸ், எஸ்... யார் சார் இந்த எஸ்?"

"ஸ்வரம் சார். பாட்டு."

"பாட்டுன்னா பாடுங்க."

பாடினேன். நான் பேஸ், குழுவின் அடிக்குரல். உச்சக்குரலான சோப்ரானோப் பெண்கள் மேலே ஏறி இறங்குவார்கள். பேஸ் நின்ற இடத்திலேயே நின்று உறுமும். பக்கம் முழுக்க ஒரே ஸ்வரம். லாக்கப்பில் இருந்தவன் எட்டிப் பார்த்தான்.

"யோவ், இன்னாத்துக்கு அழுவுற?"

ஏட்டய்யா தலையாட்டினார். "இது பாட்டு இல்ல சார்."

மற்ற மூன்று குரல்களும் சேர்ந்தால்தான் பாட்டு என்று விளக்கினேன்.

"அப்ப கூட்டாளிங்க இருக்காங்க" என்று எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதமாகிறது. தபால்காரர் மணி கேட்டால் ஸ்டெல்லா வாசலுக்கு ஓடுகிறாள், வெறுங்கையோடு திரும்புகிறாள். என்னோடு பேசுவதில்லை.

ஒரு பெண் டைப் அடிக்க, அவள் அண்ணன் எந்த ஸ்வரத்தில் பாடுகிறான் என்று சர்க்காருக்கு எதற்கு? எங்கள் வீட்டுக் கதவை நாங்கள் சாத்தினால் குற்றமா?

ஏட்டய்யா, ரிப்போர்ட்டில் என்ன எழுதினீர்கள்? என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். ஊரையே கேட்டீர்கள் அல்லவா? முனியம்மா கடை முன்னால் நின்று, ஊர் கேட்க வாசியுங்கள் — எங்கள் குழுவைவிடச் சத்தமாக.