கிணற்றுப் பங்கும் பட்டாளத்து நம்பரும்

உங்கள் சித்தி கோர்ட்டுப் படி ஏறிய கதையை நீங்கள் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். கூடவே நின்றவன் நான் என்பதால் முழுசாக எழுதி வைக்கிறேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தைந்தாம் வருஷம். பாகிஸ்தானோடு சண்டை மூண்டு, பட்டாளத்தில் இருந்த என் தம்பியை, அதாவது உங்கள் சித்தப்பாவை, எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். பாகம் பிரித்தபோது அவன் பங்குக்கு வந்தது, செஞ்சிக் கோட்டை மதிலுக்குக் கிழக்கே இருக்கும் அந்த நிலம்தான். தண்ணீர் பொதுக் கிணற்றிலிருந்து. அதில் நாலில் ஒரு பங்கு அவனுடையது, மீதி பக்கத்து நிலத்துக்காரருடையது. எங்கள் முறை வரும் நாளில் மாடு கட்டி, தோல் சாலில் தண்ணீர் இழுக்கும் கவலை ஓட்டி இறைப்போம்.

பக்கத்து நிலத்துக்காரர் புதிதாக ஆயில் இன்ஜின் வாங்கி வைத்தார். வைத்ததும் கிணறு முழுசும் தனக்கே வேண்டும் என்று தோன்றிவிட்டது. எங்கள் நைனா, உங்கள் தாத்தா, சாவதற்கு முன்னால் அந்தப் பங்கை வாய்ப்பேச்சாகத் தனக்கு விற்றுவிட்டார் என்று கேஸ் போட்டார். சம்மன் தம்பி பெயருக்கு வந்தது. தம்பியோ எல்லையில்.

டீக்கடையில் நாலு பேர் காதில் விழும்படி அவர் என்னைக் கேட்டார். "இன்னாப்பா, உன் தம்பி டாங்கி ஓட்டிக்கினு வந்து கோர்ட்டுல நிப்பானா?"

"அங்க ஒரு வேலையா நிக்கறான். முடிச்சிட்டு வருவான்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளே பயம். வாய்தா அன்றைக்கு ஆள் வராவிட்டால் அவர் பக்கமே தீர்ப்பாகிவிடும். கிணறு போனால் அந்த நிலம் வெறும் மேடு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சித்தி எதைப் பயிர் வைப்பாள், எதைச் சாப்பிடுவாள்?

தம்பிக்கு எழுதிவிடலாம் என்றேன். சித்தி ஒப்பவே இல்லை.

"வாணாம் மாமா. துப்பாக்கி புடிச்சிக்கினு நிக்கறவங்களுக்குக் கிணத்தப் பத்தி எழுதினா, அவங்க கண்ணு எதிரியப் பாக்குமா, கிணத்தப் பாக்குமா?"

கடைத்தெருவில் இருந்த வக்கீலிடம் இரண்டு பேரும் போனோம். அவர் சம்மனைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சண்டையில நிக்கறவன் இல்லாத நேரத்துல அவனுக்கு எதிரா தீர்ப்பு ஆயிடக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் காலத்துலயே சட்டம் போட்டிருக்குது. அவன் வர வரைக்கும் கேஸ நிறுத்தி வைக்கச் சொல்லலாம். ஆனா, அவனால இப்ப வர முடியாதுன்னு அவனோட மேலதிகாரி கோர்ட்டுக்கு எழுதணும். கடலூர்ல பட்டாளத்துக் குடும்பங்களுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்குது. அங்க போங்க, மத்தத அவங்க பாத்துப்பாங்க."

பட்டாளம் என்றால் எனக்கு அதுவரை மாசம் பிறந்தால் வரும் மணியார்டரும், லீவில் வரும் டிரங்குப் பெட்டியும்தான். இப்படி ஒரு சட்டம் எங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்பது எனக்குத் தெரியாது.

விழுப்புரத்தில் பஸ் மாறிக் கடலூர் போய்ச் சேர்ந்தோம். அந்த ஆபீசில் மீசை முறுக்கிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் பழைய பட்டாளத்துக்காரர்தான்.

"வீட்டுக்காரர் பேர் இன்னாம்மா?"

சித்தி தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பெட்டிஷன் போடறது அந்தம்மா. அவங்கதான் சொல்லணும்."

"அவங்க பேரச் சொல்ல மாட்டேங்க" என்றாள் சித்தி.

சித்தியின் தாலியில் இருந்த சிலுவையை அவர் கவனித்திருக்க வேண்டும். "கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல சாமியார் சொல்லச் சொல்லியிருப்பாரே, அப்ப மட்டும் எப்படிம்மா சொன்ன?"

"அன்னிக்கு ஒரு நாளுதான் சொன்னேன். ஆண்டவருக்கு முன்னால. நீங்க இன்னா ஆண்டவரா?"

ஆபீசே சிரித்துவிட்டது. பெரியவர் முகத்தில் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அதற்குள் சித்தி, "பேருதான் சொல்ல மாட்டேன். நம்பரு சொல்றேன், எழுதிக்குங்க" என்று ஆரம்பித்தாள். பட்டாளத்து நம்பர், பதவி, கம்பெனி, ரெஜிமெண்டு, தபால் போக வேண்டிய இடம் எல்லாம் ஜெபம் சொல்கிற மாதிரி மூச்சு விடாமல் வந்தது. ஒவ்வொரு கடுதாசிக்கும் உறை எழுதியவள் அவள்தானே.

பெரியவர் எழுதி முடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேரு ஒரு பட்டாளத்துல அம்பது பேருக்கு இருக்கும். நம்பரு ஒருத்தனுக்குத்தாம்மா. இது போதும்." பெயரைச் சம்மனிலிருந்து அவரே பார்த்து எழுதிக்கொண்டார். அப்புறம், வக்கீல் செலவுக்கும் உதவி நிதி இருக்கிறது, கேட்டால் கிடைக்கும் என்றார்.

சித்தி வேண்டாமென்று தலையாட்டினாள். "நெலத்துல வெளைஞ்ச மல்லாட்டைய வித்த காசு கையில இருக்குதுங்க. அந்தப் பணத்த, மனுசன் திரும்பி வராத வீட்டுக்குக் குடுங்க. எங்க வீட்ல வருவாங்க."

அந்தப் பெரியவர் எழுந்து வாசல் வரைக்கும் வந்து எங்களை வழியனுப்பினார். நான் அன்றைக்குச் சித்திக்குப் பின்னால்தான் நடந்தேன். குழந்தை என் தோளில்.

வாய்தா நாள் வந்தது. டவாலி, தம்பி பெயரை மூன்று தடவை கூப்பிட்டான். எதிர்க்கட்சி வக்கீல் தீர்ப்புக் கேட்க எழுந்துவிட்டார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். மேலதிகாரியின் கையெழுத்தோடு பட்டாளத்திலிருந்து வந்த காகிதம். சிப்பாய் திரும்பி வரும் வரைக்கும் கேஸ் நிற்கும், அதுவரை தண்ணீர் முறை பழையபடியே நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வெளியே வந்ததும் பக்கத்து நிலத்துக்காரர், "கெவுருமெண்டே அவங்க பக்கம் நின்னா நாம இன்னா பண்றது?" என்று முணுமுணுத்தார். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு பெருமையாக இருந்தது.

சண்டை ஓய்ந்து தம்பி லீவில் வந்தான். கேஸ் விஷயத்தை மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரியுமாம். பெட்டியைக்கூடத் திறக்காமல் வக்கீலைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். வக்கீல், "அவசரப்படாத. இன்னும் கொஞ்ச காலம் தள்ளலாம். எதிராளி அலுத்துப்போய் அவனே விட்டுடுவான்" என்றார்.

"நான் வர வரைக்கும் நிறுத்தி வைங்கன்னுதான கேட்டோம் சார்? வந்துட்டேன். எடுக்கச் சொல்லுங்க."

கூண்டில் ஏறி, எங்கள் நைனா சாகும்வரை எங்கள் முறைக்குக் கவலை ஓட்டியதைச் சொன்னான். எதிராளி கொண்டுவந்த சாட்சியே, விலை பேசியதைத் தான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். லீவு முடிந்து தம்பி ரயில் ஏறிய பிறகு தீர்ப்பு வந்தது. பங்கு எங்களுடையது.

மறுநாள் நானும் சித்தியும் கிணற்றடியில் இருந்தோம். பக்கத்து நிலத்துக்காரர் வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் இன்ஜினைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு உங்க முறைதானம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"மாட்ட எதுக்குக் கஷ்டப்படுத்தற? எங்க இன்ஜின்லயே இறைச்சிக்கோயேன்."

"இருக்கட்டுங்க" என்றாள் சித்தி. "எங்க மாடு சும்மாதான் நிக்குது."