துப்பாக்கிக் குறி போட்ட வண்டி

கரியாலூர் தாண்டி ஒரு பெட்டிக்கடையில் நிற்கிறேன். என்னுடையது மோட்டோகிராஸ் பந்தய பைக். ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் கிடையாது, சத்தம் மட்டும் மலையையே அதட்டும். கடைக்காரப் பெண் சோடாவை உடைக்காமல் என்னையே பார்க்கிறாள்.

"போலீசுங்களா?"

"இல்லைங்க. ரேசுக்குப் பழகுறேன்."

"டேங்க்ல இன்னா படம்?"

"துப்பாக்கிக் குறிங்க. இந்தக் கம்பெனி ஆரம்பத்துல சுவீடன்ல துப்பாக்கிதான் செஞ்சது."

அவள் குரல் தாழ்கிறது. "அத சத்தமா சொல்லாதீங்க. பன்னி வெரட்ட ஒரு நாட்டுத்துப்பாக்கி வச்சிருக்கோம். வண்டி சத்தம் கேட்டதும், புடுங்க வராங்கன்னு எங்க வூட்டுக்காரரு அத எடுத்துக்கினு ஓடிட்டாரு."

"எங்க?"

எதிரே இருக்கும் புதரைப் பார்க்கிறாள். "உங்களத்தான் பாத்துக்கினு இருப்பாரு."

கிளம்பலாமென்று ஸ்டார்ட் பட்டனில் வைத்த விரலை எடுக்கிறேன். புதருக்கு முதுகைக் காட்டியபடி வண்டியைத் தள்ளத் தொடங்குகிறேன்.