மூணாம் தரம் சொல்லாத ஏலம்

ஒலீட்டா தன் புருஷனை ஏலத்தில் எடுத்தவள் என்று ஹனி ஃபோர்க் ஊரில் சொல்வார்கள். அதில் பொய் அதிகமில்லை. பதினெட்டு வயதில் அப்பாவோடு மாட்டு ஏலக் கொட்டகைக்கு வந்தவள், மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டக் கையைத் தூக்கினாள். மேடையில் நின்ற புது ஏலக்காரன் டெல்மர் ஹக்கின்ஸ் டக்கென்று சுத்தியலைத் தட்டிவிட்டான். ஒற்றைக்கண் கோவேறு கழுதை ஒன்று அவள் தலையில் விழுந்தது.

"ஈயை ஓட்டினேன்யா!" என்று அவள் கத்தினாள்.

"ஈ இலவசம் அம்மிணி. கழுதைக்குத்தான் காசு," என்றான் அவன்.

கொட்டகையே அதிர்ந்து சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவனே வீட்டுக்கு வந்து, கழுதையை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டதாகச் சொல்லி, பொரித்த கோழி சாப்பிட உட்கார்ந்தவன்தான். இலை உதிர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் தென்கோடி மலைகளில் ஏலக்காரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் டெல்மர் வாயைத் திறந்தால் அது வேறு. நாலு டாலர் கன்றுக்குட்டியானாலும் நாற்பது கவுண்டிக்குப் பேர்போன காளையானாலும், வார்த்தைகள் தகரக்கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி விழும். அதற்குள் ஒரு ராகமும் ஓடும். ஒலீட்டா கொட்டகையை ஒட்டிய சாப்பாட்டுக் கடையை நடத்தினாள். வியாழக்கிழமைதோறும் ஏலம். பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியும் குழம்பும், பீன்ஸும் சோளரொட்டியும், மத்தியானத்துக்கு மேல் ஆப்பிளை மாவில் பொதிந்து சுட்ட ஆப்பிள் பை. சமையல்கட்டுக்கும் ஏலக்களத்துக்கும் நடுவில் ஒரு சன்னல் உண்டு. அதன் வழியே புருஷன் குரல் வந்துகொண்டே இருக்கும். மாவு பிசைகிற அவள் கை அந்தத் தாளத்துக்கே ஓடும்.

ஏழு வருஷம் கழித்து டார்லா பிறந்தாள். அப்பன் நாக்கு அப்படியே வந்திருந்தது. அஞ்சு வயதில் கோழிக்கூண்டுமேல் ஏறி நின்று, கோழிகளை ஒவ்வொன்றாக ஏலம் விடுவாள். மாடு வாங்க வருகிற கிழவர் ஹார்ஷல் ஸ்காக்ஸ், "இந்தப் பொட்டைக்கோழியை நான் மூணு வாட்டி வாங்கிட்டேன் தாயி, இன்னும் வீட்டுக்கு வந்து சேரலை," என்று ஒலீட்டாவிடம் முறையிடுவார்.

டார்லாவுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்த பிப்ரவரியில் ஊரில் பாதிப்பேருக்கு விஷக்காய்ச்சல். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். டார்லா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். ஒரு மொடாத் தண்ணீர் இருந்தாலும் பத்தவில்லை. படுக்கையை நனைக்காத பிள்ளை நனைத்தாள். கவுன் தொளதொளத்தது, ஒலீட்டா ஊக்கு போட்டு இறுக்கினாள். "உயரம் போடுறா, அதான் இளைக்கிறா," என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். பிறகு வாந்தி. காலையிலிருந்து காய்ச்சல் பிள்ளைகளாகவே பார்த்துக் களைத்திருந்த டாக்டர், இதுவும் அதுதான் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் பிள்ளை ஓடிவந்தவள்போல மூச்சு வாங்கினாள். ஸ்ப்ரிங்ஃபீல்ட் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிக்கப் வண்டியில் பறந்தார்கள். பாதி வழியில் தாய்மடியிலேயே நினைவு தப்பியது. பிறகு திரும்பவில்லை.

"சர்க்கரை நோய்," என்றார் அங்கிருந்த டாக்டர்.

"சின்னப் புள்ளைக்கா? அது கிழவங்களுக்கு வர்றதுதானே?" என்று டெல்மர் கேட்டான்.

இல்லை என்று அவர் தலையசைத்தார். முன்னமே தெரிந்திருந்தால் ஊசிமருந்து போட்டுக் காப்பாற்றியிருக்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை. இரண்டு பேரும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

அடக்கம் முடிந்து வந்த ஒலீட்டா, சரக்கறை அலமாரியில் ஜாடி ஜாடியாகப் பாகில் போட்டு வைத்திருந்த பேரிக்காய்களை எடுத்துக்கொண்டு போய்ப் பன்றித்தொட்டியில் கவிழ்த்தாள். டெல்மர் ஏன் என்று கேட்கவில்லை. அவன் அப்போது எதையுமே கேட்பதில்லை. கொட்டகையில் மழையாய்க் கொட்டுகிறவன், வீட்டில் உப்பைத் தள்ளு என்றுகூடச் சொல்லமாட்டான், கையை நீட்டுவான். ஒரே கூரையின்கீழ் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் வாழ்ந்தார்கள்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காளைகள் விற்றாகி, ஜனங்கள் சாப்பிட எழுந்திருக்கிற நேரம். "உக்காருங்க. இன்னும் ஒண்ணு பாக்கி," என்று ஒலிபெருக்கியில் டெல்மர் குரல் கேட்டது. களத்தில் மாடு எதுவும் இல்லை. உமிதான் கிடந்தது.

அவன் பாடினான். ஏலம் கூவுகிற அதே வேகம், அதே ராகம்:

*தண்ணி ஏலம், தண்ணி ஏலம், கேக்க வந்தது யாரு?*
*கோழி உயரம் சின்னப்பொண்ணு கையத் தூக்குறா பாரு!*
*ஒரு தம்ளர் கேக்குறா, ரெண்டு யாரு, ரெண்டு யாரு?*
*ரெண்டும் அவதான், மூணும் அவதான், குடமும் அவதான் பாரு!*
*கெணறு கேட்டா, ஓடை கேட்டா, ஆத்தையும்தான் கேட்டா,*
*அத்தனையும் குடிச்சுப்புட்டு நாக்கு வறண்டு கேட்டா!*

ஜனங்கள் சிரித்தார்கள். ஹார்ஷல் கிழவர் கைத்தடியால் தரையைத் தட்டித் தாளம் போட்டார். அடுத்த அடிகள் வந்தன: ராத்திரி முழுக்க எழுந்தெழுந்து போகிறாள், நனையாத மெத்தை நனைகிறது, தைத்த கவுன் தோளில் நிற்கவில்லை, ஓடித் திரிந்த கால் படி ஏற மறுக்கிறது. சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. எந்தப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

*ஒரு தரம்...* என்றான் டெல்மர். *ரெண்டு தரம்...*

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு நிசப்தத்தை ஒலீட்டா கேட்டதில்லை. பட்டியில் நின்ற மாடுகள்கூடக் கத்தவில்லை.

*மூணாம் தரம் சொல்லுமுன்னே அள்ளிக்கிட்டு ஓடுங்க!*
*மூத்திரத்துல சர்க்கரையான்னு பாக்கச் சொல்லிக் கேளுங்க!*

சுத்தியலைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

அன்று வீட்டில் ஒலீட்டா வெடித்தாள். "என் புள்ளையை மாட்டோட மாடா களத்துல நிறுத்தி ஏலம் போட்டியா டெல்மர்? ஜனங்க சிரிச்சாங்க. நான் காதால கேட்டேன்."

"சிரிக்கட்டும்னுதான் பண்ணினேன்."

"என்ன சொன்னே?"

"அழுகைப் பாட்டை எவன் வழியெல்லாம் பாடிக்கிட்டுப் போவான், ஒலீ? இது நாக்குல ஒட்டும். எனக்குப் பாட்டுக் கட்டத் தெரியாது. தெரிஞ்சது ஏலம் ஒண்ணுதான். அதுலதான் அவளைச் சொல்ல முடிஞ்சுது."

மூன்று மாதத்தில் அவன் அவளிடம் அவ்வளவு பேசியது அன்றுதான். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. "ஊர் நாக்குல ஒட்டட்டும். என் காதுல விழக்கூடாது," என்றாள். அதற்குப்பின் வியாழக்கிழமை மத்தியானமானால் சமையல்கட்டுச் சன்னலைச் சாத்திவிடுவாள்.

சன்னலைச் சாத்தினால் பாட்டு நிற்குமா? உள்ளூர் ரேடியோவில் மத்தியானம் மாட்டு விலை சொல்கிறவனும் டெல்மர்தான். விலை முடிந்ததும் பாடினான். ரேடியோ நிலையத்தை நடத்துகிற கிளைட், மடியில் ஸ்டீல் கிட்டாரை வைத்துக்கொண்டு பின்னால் இழைத்தான். ஒலீட்டாவுக்கு அது இன்னும் மோசமாகப் போயிற்று. பாட்டு இன்னும் அழகாகிவிட்டது. லாரிக்காரர்கள் கொண்டுபோனார்கள். கோழிப்பண்ணைப் பெண்கள் முட்டை பொறுக்கிக்கொண்டே பாடினார்கள். ஒலீட்டாவின் கடையிலேயே, யாராவது இரண்டாம் முறை தண்ணீர் கேட்டால் பக்கத்து மேசைக்காரன் "ரெண்டும் அவதான்!" என்பான். உடனே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துக்கொள்வான்.

அக்டோபரில் ஒருநாள், முன்பின் தெரியாத ஒரு ராட்சச ஆள் கடைக்குள் வந்தான். பன்றி லாரி ஓட்டுகிறவன் என்று வாசனையே சொல்லிற்று. ஆப்பிள் பை கேட்டான், வைத்தாள். தொடவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"ஆப்பிள் பை சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கும்மா." தொண்டையைச் செருமினான். "நான் ஆர்லிஸ் போஹானன். எல்லைக்கு அந்தப்பக்கம், அர்கன்சா. தண்ணி ஏலம் பாடுறவரு இங்கேதானே?"

"விலை சொல்ல ரேடியோவுக்குப் போயிருக்காரு. என்ன விஷயம்?"

"எங்க பாப்பாவுக்கு நாலு வயசு. மிஸ்ஸி. என் சம்சாரம் வெல்டா, பாத்திரம் கழுவுறப்ப அந்தப் பாட்டைப் பாடிக்கிட்டிருந்தா. ஒரு தம்ளர், ரெண்டு தம்ளர்னு. பாப்பா பின்னாலயே நின்னுக்கிட்டு, அம்மா தண்ணி, அம்மா தண்ணிங்குது. வெல்டா பாடினபடியே மோந்து மோந்து குடுக்கிறா. மூணாவது தம்ளருல அவ கை நின்னுபோச்சு." அவன் தொப்பியை மேசைமேல் வைத்தான். "தம்ளரைப் போட்டுட்டு புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடினா. செருப்புக்கூட மாட்டலை. மூத்திரத்துல சர்க்கரை இருக்கா பாருன்னு அவதான் டாக்டர்கிட்ட கத்தியிருக்கா. இருந்துது. ஸ்ப்ரிங்ஃபீல்டுல வெச்சிருக்காங்க. உசுரோட இருக்கு. நேத்து என்னைக் கடிச்சிது."

ஒலீட்டா ஏப்ரனை அவிழ்த்துக் கொக்கியில் மாட்டினாள்.

"உன் வண்டி வெளியதானே நிக்குது? கெளம்பு."

"இப்பவா?"

"பின்னே எப்ப?"

அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. கடையில் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹார்ஷல் கிழவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அதே சாலை. பிப்ரவரியில் போன அதே வளைவுகள். ஆர்லிஸ் லாரியை விரட்டினான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிவப்புத் தலைமுடியோடு ஒரு குட்டிப்பிசாசு உட்கார்ந்து, "பிஸ்கோத்து குடு!" என்று கத்திக்கொண்டிருந்தது. ஊசியோடு வந்த நர்ஸை உதைத்தது. வெல்டா தொடையைப் பிடித்துக்கொள்ள, நர்ஸ் இன்சுலின் போட்டாள். "உன்னை ஓநாய் தின்னும்!" என்று பாப்பா நர்ஸுக்குச் சாபம் கொடுத்தது. பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, அவித்த முட்டையை எடுத்து வெள்ளைக்கருவை மட்டும் கடித்து, மஞ்சளை அம்மாவின் உள்ளங்கையில் துப்பியது.

ஒலீட்டா சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு பிள்ளை முட்டை தின்பது உலகத்தில் நடக்கிற காரியம்தான். அது இத்தனை பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்தது. அந்தச் சின்ன வாய் அசைவதையும் கன்னம் உப்புவதையும் அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். இந்தப் பிள்ளை இங்கே உட்கார்ந்திருப்பது ஒரு பாட்டால். மாடு விற்கிற குரலில் பாடின, சன்னலைச் சாத்தி அவள் வெளியே தள்ளின ஒரு பாட்டால்.

பாப்பா அசந்து தூங்கினபிறகு ஒலீட்டா கிட்டே போனாள். குனிந்து, அதன் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்துபார்த்தாள். பிள்ளை மூச்சு. வேறொன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது வெல்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முந்தி ஒரு வாசனை வந்துச்சா இவகிட்ட?" என்று ஒலீட்டா கேட்டாள். "கனிஞ்சு அழுகின பழம் மாதிரி?"

வெல்டாவின் கண் அகன்றது. "வந்துது அக்கா. நான் என்னன்னு நெனச்சேன் தெரியுமா? ஜாம் ஜாடியில கைய விட்டிருக்கான்னு நெனச்சு, முதுகுல ஒண்ணு போட்டேன்."

"நான் பேரிக்கான்னு நெனச்சேன்," என்றாள் ஒலீட்டா. "தூங்க வெக்கிறப்ப வாசம் வந்துச்சு. கள்ளி, ஜாடியைத் திறந்துட்டியான்னு கேட்டேன். இல்லம்மான்னா. நான் நம்பலை."

யாரிடமும் சொல்லாத அதை, செருப்புக்கூட மாட்டாமல் ஓடிவந்த அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே வாசனை, ஒரே நினைப்பு. மாநில எல்லைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இன்னும் எத்தனை அம்மாக்கள் இதே பழத்தைத்தான் சந்தேகப்படுகிறார்களோ என்று ஒலீட்டாவுக்கு ஓடிற்று.

வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே சொன்னாள்: "உன் பாட்டுல ஒரு அடி குறையுது, டெல்மர்."

அவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். அவள் வாசனையைச் சொன்னாள். பன்றித்தொட்டியில் கொட்டின ஜாடிகளைச் சொன்னாள். டெல்மர் அழுதான், அவளும் அழுதாள். அப்புறம் சமையல்கட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, விடியற்காலையில் டார்லா போய் எழுப்பிவிட்ட சேவல்களைப்பற்றியெல்லாம் பேசினார்கள். நடுவில் அந்த அடியையும் கட்டினார்கள்.

மறு ஆண்டு கவுண்டித் திருவிழாவில் டெல்மரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். புது அடியை அவன் பாடவில்லை. "இது என் பொண்டாட்டியோடது. அவளே சொல்லட்டும்," என்று மைக்கை நீட்டிவிட்டான்.

"பாவி, என் குரல் துருப்பிடிச்ச கீலுன்னு தெரியாதா உனக்கு?" என்று அவள் திட்டினது மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டது. ஜனங்கள் கைதட்டினார்கள். அவள் பாடவில்லை. தன் கடையில் ஆர்டர் சொல்கிற குரலில், நின்று நிதானமாகச் சொன்னாள்:

*பழமும் தின்னலை, ஜாமும் தின்னலை, வாயில் பழவாசம்,*
*பொய்யும் சொல்லலை, திருடவுமில்லை, நோவு வீசும் வாசம்.*
*புள்ளை இல்லைன்னா இல்லைன்னு நம்பி வாயை மோந்து பாருங்க,*
*ஒரு தரம்... ரெண்டு தரம்...*

அங்கே அவள் நின்றாள். சொல்லாமலே ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். புழுதியில் நின்ற ஆயிரம் பேர், பன்றி வளர்க்கிறவர்கள், மரம் அறுக்கிறவர்கள், இடுப்பில் பிள்ளை வைத்த பெண்கள், எல்லாரும் ஒரே தொண்டையாக "மூணாம் தரம் சொல்லுமுன்னே" என்று பாடினார்கள். மேடைப் பலகை அவள் காலடியில் அதிர்ந்தது. பாடிக்கொண்டே முன்வரிசைத் தாய் ஒருத்தி, மடியில் இருந்த பிள்ளையின் வாயை மோந்துபார்த்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. அப்புறம் வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன. ஒலீட்டாவுக்குச் சர்ச்சில்கூட அப்படி மயிர் சிலிர்த்ததில்லை.

பாட்டைப் பிறகு யார் யாரோ பாடினார்கள், இசைத்தட்டிலும் வந்தது. டெல்மர் பேர் சிலவற்றில் இருந்தது, பலவற்றில் இல்லை. எத்தனை பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. அவ்வப்போது கடைக்குள் யாராவது ஒரு பிள்ளையை நடத்திக்கொண்டு வந்து பேசாமல் நிற்பார்கள். ஒலீட்டாவும் ஒன்றும் கேட்கமாட்டாள். முட்டையை அவித்துத் தட்டில் வைப்பாள்.

டெல்மர் போய்ச் சேர்ந்து சில வருஷங்களுக்குப் பிறகு, ஒலீட்டா தங்கச்சி வீட்டுக்கு ஓக்லஹோமா போயிருந்தாள். வழியில் ஒரு பெட்ரோல் பங்க். பக்கத்து வண்டியின் பின்சீட்டில் இரண்டு குட்டிப்பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, கைகொட்டி விளையாடிக்கொண்டே அதைப் பாடினார்கள். ராகம் கொஞ்சம் மாறியிருந்தது. கிணற்றுக்கும் ஓடைக்கும் நடுவில், யார் செருகினதோ, ஒரு கடலும் புதிதாக வந்திருந்தது. வாசனை வந்த இடத்தை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்கள்.

அவர்கள் அப்பன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறி மறைகிற வரைக்கும் ஒலீட்டா பெட்ரோல் குழாய்ப்பிடியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் வண்டி டாங்கி நிறைந்து வழிந்து செருப்பு நனைந்துகொண்டிருந்தது.