என் பிள்ளையைத் தூங்க வைத்த மூட்டைப் பாட்டு

இன்று மதியம் என் மகனிடம் ஒரு பொய் சொன்னேன்.

மகன் என்றால் சின்னப் பையன் இல்லை. ரயில்வேயில் ரிட்டயர்டாகி, பேரனும் எடுத்துவிட்ட செபஸ்தி. அந்த ஐந்து மாதப் பேரன் தூங்க மாட்டேன் என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். செபஸ்தி போனில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். வயலின், புல்லாங்குழல், மழைச் சத்தம். (மழைச் சத்தத்துக்கு நான்தான் மாடியில் காயும் துணியை எடுக்க எழுந்தேன்.)

கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

"யம்மா, நான் கொயந்தையா இருந்தப்போ இன்னா பாட்டு பாடி தூங்க வெப்ப?"

"கோயில் பாட்டுதான்டா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

"அதான பாத்தேன். கோயில்ல பாடுனவ ஆச்சே" என்று பெருமையாகச் சிரித்தான்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் ஒற்றை விரலால் இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ராயபுரத்தில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் எங்கள் மாதா கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசை. குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. (கொஞ்சம் என்பது என் கணக்கு.)

அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்.

குழுவில் நான் சொல்லி வைத்திருந்தது, துறைமுக ஆபீஸில் கிளார்க் என்று. கல்யாணம் அவர் ஊரில், திருவொற்றியூரில் நடந்ததாலும், ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குக் கப்பல் வேலை இருந்ததாலும், குழுவில் ஒருவரும் மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை. பொய் சௌகரியமாக நின்றுவிட்டது.

செபஸ்தி பிறந்தான். நான் பாட வாயைத் திறந்தால் வீறிட்டு அழுவான். கோயிலில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டையெல்லாம் பாடிப் பார்த்தேன். மெதுவாக, இன்னும் மெதுவாக, வெறும் முணுமுணுப்பாக. அழுகைதான் ஏறியது.

அவர் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்வார். மூட்டை தூக்கும்போது ஆட்கள் சேர்ந்து பாடும் பாட்டைப் பாடுவார்.

இழுடா மச்சான் மூட்டைய
எசமான் துன்றான் முட்டைய

அதற்குள் பிள்ளைக்குக் கண் சொருகிவிடும். மூன்றாவது வரி எசமானின் பெண்டாட்டியைப் பற்றியது. அது வருவதற்குள் நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

"இன்னா பாட்டு இது, கலீஜா. புள்ள காதுல இதப் போயி ஊத்துறீங்களே."

"அவனுக்கு இன்னா புரியப் போவுது? தூங்குறான்ல, வுடு" என்பார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் பாட்டு மிஸ்ஸும் குழுவில் இரண்டு பெண்களும் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். வந்த நேரம், செபஸ்தி அழ ஆரம்பித்தான்.

"நீ பாடினா பிள்ளை அப்படியே தூங்கிடும்னு சொல்லுவியே. பாடேன், கேட்போம்" என்றார் மிஸ்.

அதையும் நான் சொல்லித்தான் வைத்திருந்தேன். பாடினேன். பிள்ளை முகம் சிவக்கக் கத்தினான். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று பார்த்துக் கப்பல் சீக்கிரம் காலியாகியிருக்கிறது. அவர் வாசலில் வந்து நின்றார். தலை, புருவம், மார்பு எல்லாம் கோதுமைத் தூசி. அழுகையைக் கேட்டதும் கைகூடக் கழுவாமல் உள்ளே வந்து பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பாடினார். விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று குரலைத் தாழ்த்தி, மூன்றாவது வரியில் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் ராகத்தை மட்டும் இழுத்தார். செபஸ்தி தூங்கிப்போனான்.

மிஸ்ஸுக்கு ஆச்சரியம். "யாரும்மா இவர்?"

"பக்கத்து வீட்டு அண்ணன், மிஸ்."

ஆமாம், நான்தான் சொன்னேன். தாலி கட்டின புருஷனை அண்ணன் என்று சொன்னேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். மிஸ் பக்கம் திரும்பி, "ஆமாங்க, கொயந்த அயுவுதேன்னு வந்தேன்" என்றார். பிள்ளையை மெதுவாக என் மடியில் வைத்தார்.

"வரேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர்கள் காபி குடித்து, கதை பேசிக் கிளம்ப ஒரு மணி நேரமானது. அவ்வளவு நேரமும் அவர் பசியோடு, தூசியோடு, எதிரே குழாயடியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பார். பாட மாட்டார். பிள்ளை கதறும். ஒருநாள் தாங்க முடியாமல், "அந்தப் பாட்டத்தான் பாடுங்களேன்" என்றேன்.

"மறந்து போச்சு" என்றார்.

தினமும் அதைப் பாடித்தான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. மிஸ் வந்துபோன மறுநாள் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். (அதையே மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.) நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். அவர் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இன்று அவர் மகனிடமே அவரை மறுபடியும் வெளியே அனுப்பிவிட்டேன். நினைக்கவே கூசுகிறது.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க்காரர்களே, உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஹார்பரில் மூட்டை தூக்கியிருந்தால், அந்த மூன்றாவது வரி யாருக்காவது தெரியுமா? எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அப்படியே கமென்டில் போடுங்கள். நான் காதைப் பொத்த மாட்டேன்.

செபஸ்தி, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்னைத் தூங்க வைத்தது கோயில் பாட்டு இல்லை. உன் அப்பா.

போனைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை இங்கே தூக்கிக்கொண்டு வா. தெரிந்த இரண்டு வரியை நான் பாடுகிறேன்.