தொத்தோயா கப்பலும் நகராத வரிசையும்

உலமிலாவுக்கு என்ன வேலை என்று அவள் சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் இன்றுவரை புரிந்ததில்லை. தலைநகர் சுவாவில் கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள் என்பார்கள். பார்ப்பது என்பது ஒரு வகையில் சரிதான். தீவுக்குத் தீவு இருக்கும் டிக்கெட் கவுண்டர்கள் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில்தான் எழுதுகின்றன. இந்த நிமிடம் அதற்குள் யார் இருக்கிறார்கள், யார் எழுதுகிறார்கள், யார் யாருக்காகக் காத்து நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவள் திரையில் வரிவரியாக ஓடும். ஒருவர் எழுதும்போது அந்த இடம் அவருக்கென்று பூட்டிக்கொள்ளும். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். ரொம்ப நேரம் பூட்டி வைத்திருக்கிற ஆளைப் பிடித்து வெளியே தள்ளுவது உலமிலாவின் அதிகாரம். பதினாறு வருடத்தில் எத்தனை பேரைத் தள்ளியிருப்பாளோ. யார் தள்ளியது என்று ஒருவருக்கும் தெரியாது என்பதால் ஊரில் அவளுக்கு நல்ல பெயர்.

அந்த வியாழக்கிழமை காலையில் அவள் அண்ணன் அபிசாயை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். குணமாகி அல்ல. ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு தொத்தோயாத் தீவில். விமானம் இறங்காத ஊர். கப்பலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு.

பதினொன்றரைக்கு அண்ணி வதிசேவா துறைமுகத்திலிருந்து போன் செய்தாள். அண்ணன் செய்யமாட்டான். அவர்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த தங்கையும் அண்ணனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. கோபமில்லை, மரியாதை. இருபத்தெட்டு வருடமாக அண்ணன் சொன்னதெல்லாம் யாராவது ஒருவர் வாய்வழியாகத்தான் அவளுக்கு வந்திருக்கிறது.

"ஏண்டி உலா, டிக்கெட் போட்டுட்டியா? கவுண்டர்ல ஒண்ணும் நகரலங்கறான். உங்கண்ணன் கொட்டகையில பாய விரிச்சுப் படுத்துட்டாரு. இப்பவே ஊருக்குப் போய் இறங்கிட்ட மாதிரி மூஞ்சில ஒரு சிரிப்பு."

"போட்டுடறேன் அண்ணி. அவருக்கு ஏதாவது குடிக்கக் குடுங்க."

நகரவில்லைதான். திரையில் நாற்பத்தேழு பேர் காத்து நின்றார்கள். லெவுக்கா கவுண்டர், சவுசவு கவுண்டர், கீழே துறைமுகக் கவுண்டர், எல்லாம். அத்தனை பேரும் ஒரே ஆளுக்குப் பின்னால் நின்றார்கள். பக்கத்து மேஜை ஜோசையா.

பழைய கப்பல் பழுதுபார்க்கப் போயிருந்தது. இந்த மாதத்து டிக்கெட்டுகளை எல்லாம் புதுக் கப்பலின் பெயருக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள். ஜோசையா பன்னிரண்டு வருடத்து டிக்கெட்டுகளையும் மாற்றக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணியிலிருந்து ரொட்டிப் பொட்டலம் தின்றுகொண்டிருந்தான்.

"மாத்துன்னாங்க, மாத்தறேன். செத்தவன் டிக்கெட்டையும் மாத்திட்டாப் போச்சு" என்றான். "நீங்க முறைச்சா திரை பயந்துடுமாக்கா?"

"வாய மூடு. தின்னு முடிச்சுட்டு அப்புறம் சாவு."

மேலாளர் விகாஷ் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். வேலையே செய்யாமல் முதுகுக்குப் பின்னால் நிற்பதற்கென்று ஒரு சம்பளம் வாங்குகிறவர்.

"என்னம்மா பாத்துக்கிட்டே இருக்கீங்க? கீழ ஜனங்க கவுண்டரப் பேத்துடுவாங்க போல. வெளிய தள்ளுங்க அவன!"

தள்ளலாம். ஆனால் தள்ளினால் அதோடு முடிவதில்லை. அவன் அதுவரை மாற்றியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்கிவிட்டுத்தான் பூட்டு திறக்கும், பாதி பின்னிய பாயை இழை இழையாகப் பிரிப்பதுபோல. அதனால் தள்ளுவதற்கு முன்னால் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. கண்ணுக்குள் அண்ணன் விரித்த பாய்தான் இருந்தது. பன்னிரண்டு ஆறுக்குத் தள்ளினாள்.

வரி மறையவில்லை. 'திரும்பப் பெறப்படுகிறது' என்று நிறம் மாறி நின்றது. அப்புறம்தான் பார்த்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு முடிந்திருந்தது. கை வைக்காமல் விட்டிருந்தால் எட்டு நிமிடத்தில் தானாக முடிந்திருக்கும். இனி மூன்று மணி நேரம்.

பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது. ஜோசையா செய்தது முட்டாள்தனம், விகாஷ் போட்டது சத்தம், பொத்தானை அழுத்தியது அவள் விரல்.

"மொத்தமா நிறுத்திட்டு மறுபடி போடலாமில்ல?" என்றார் விகாஷ்.

"நிறுத்தினா இந்தப் பிரிக்கற வேலைய மறுபடி முழுசா முடிச்சுட்டுத்தான் சார் கதவையே திறக்கும். இன்னும் லேட்டாகும்."

"அப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது சார்."

பதினாறு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை.

ஒன்றரைக்கு ஓடினாள். ஏற்கெனவே டிக்கெட் வைத்திருந்தவர்கள் கோழிக்கூடையும் மாவு மூட்டையுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். துறைமுக அதிகாரி அச்சடித்த பட்டியலோடு கப்பலுக்கு ஏறும் பாலத்தில் நின்றார்.

"ஒரே ஒரு பேரு சார். சாகக் கெடக்கறவரு. நான் கையால எழுதித் தர்றேன், கையெழுத்தும் போடறேன்."

"அப்படிக் கையால எழுதி ஏத்தின கப்பல் ஒண்ணு முங்கினப்ப, எத்தன பேரத் தேடறதுன்னே தெரியாம கடல்ல நின்னோம்மா" என்றார் அவர். "லிஸ்ட்ல பேரு வரட்டும். ஆளத் தூக்கிட்டு வர நானே வர்றேன்."

"கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா?"

"வெளிச்சம் இருக்கறப்போ தொத்தோயாவுல பவளப்பாறைக்கு நடுவுல இருக்கற வாய்க்குள்ள நுழையணும். கேப்டன் நிக்க மாட்டான்."

மேலே ஓடி வந்து மறுபடி திரைமுன் உட்கார்ந்தாள். இன்னும் பழையபடி ஆக்க வேண்டிய டிக்கெட்டுகளின் எண் இறங்கிக்கொண்டிருந்தது, ஆயிரத்துக்கு ஆயிரமாக, அவசரமே இல்லாமல். அதைத் துரிதப்படுத்த ஒரு கட்டளையும் கிடையாது. இரண்டு மணிக்குக் கப்பல் ஊதியது. உலமிலா எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூன்று மணிக்குப் பூட்டு திறந்தது. நாற்பத்தேழு பேரும் ஒரு மூச்சில் உள்ளே போனார்கள், வரிசை காலியானது. அண்ணனின் டிக்கெட்டும் வந்தது. தேதி, பதினான்கு நாள் கழித்து.

அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அபிசாய் பாயில் ஒருக்களித்துப் படுத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு அடி தள்ளி நின்று டிக்கெட்டை அண்ணியிடம் நீட்டினாள். வதிசேவா தேதியைப் பார்த்தாள், மடித்தாள், மறுபடி பிரித்துப் பார்த்தாள்.

"இவகிட்ட சொல்லு" என்றான் அபிசாய் மனைவியிடம். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். "கப்பல் போனாப் போவுது. என் தங்கச்சி ஒரு நிமிஷம்கூடச் சும்மா உக்காந்திருக்க மாட்டா, அவளால ஆனதெல்லாம் பண்ணியிருப்பா. எனக்குத் தெரியும்னு சொல்லு. அழக்கூடாதுன்னும் சொல்லு."

ஒவ்வொரு சொல்லும் உலமிலாவின் காதில் விழுந்தது. விழுந்தாலும், நடுவில் இருப்பவர் எடுத்துச் சொல்லும்வரை கேட்டதாக ஆகாது. பதில் சொல்லவும் கூடாது. வதிசேவா சொல்ல வாயைத் திறந்தாள். உதடு நடுங்கியதே தவிரச் சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு டிக்கெட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். உலமிலா ஒன்றும் கேட்காதவளைப்போல நாலு அடி தள்ளி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.